ரசம் குடித்த போன்

எங்கள் பழைய சர்வீஸ் சென்டர்க்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் அதில் காலை வணக்கம் போடுவோம். வேலையில் இருப்பவர்கள் அதைத் திறக்காமலே கட்டைவிரல் காட்டுவார்கள். போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. ஊதா நிறத்தில் ஒரு போன் போர்டு, அதன் நடுவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் மஞ்சளாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வெப்பத்தைப் படமெடுக்கும் கேமரா வாங்கியிருக்கிறார்களாம். ஷார்ட் எங்கே என்று அதுவே காட்டிவிடுகிறது. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மௌமிதா, என்னை அக்கா என்று வங்காளத்தில் 'தி' போட்டுக் கூப்பிடுகிறவள், கீழே கேட்டிருந்தாள்: "ரேவதி தி, இது இல்லாம நீங்கள்லாம் ஷார்ட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சாமி புகை போட்டு" என்று பதில் எழுதினேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளாக அனுப்பினாள். நான் சத்தியமான உண்மையைத்தான் சொன்னேன். அந்தப் புகையில் ஒரு போன் மட்டுமல்ல, என் மகள் கல்யாணமும் தொங்கிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் அடிக்க விரல் வலிக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது வங்காளத்துக் கிடர்பூரில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் வேலை. அம்பாசமுத்திரம் பக்கம் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்வோம், ஆனால் எனக்கு ஊர் என்றால் டிராம் மணியும் லாரிப் புகையும்தான். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். தொண்ணூறுகள் பூராவும் டிவி ரிப்பேர். பிக்சர் டியூப் கொடுத்த அறை இன்னும் முழங்கையில் இருக்கிறது. இரண்டாயிரம் பிறந்ததும் டிவிக்காரர்கள் எல்லாரும் மொபைலுக்குத் தாவினார்கள், நானும் தாவினேன். ஜாதவ்பூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். பழகும் வரை நிறைய போர்டுகளை எரித்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

அங்கே எங்களுக்குத் தலைவர் ஹாரு தா. தாதா என்றால் அண்ணன், அதன் சுருக்கம்தான் தா. ஒல்லி மனிதர். நவம்பர் பிறந்தால் குரங்குக் குல்லாய் தலையில் ஏறிவிடும், மார்ச்சில்தான் இறங்கும். எங்கள் கடையில் ஹாட் ஏர் கன் ஒன்று இருந்தது. சூடான காற்றை ஊதி, போர்டில் ஒட்டியிருக்கும் சில்லுகளைக் கழற்றும் கருவி. அதைத்தான் மற்ற கடைகளில் காலை முதல் மாலை வரை ஊதிக்கொண்டிருப்பார்கள். ஹாரு தா அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பூணூலில் கட்டியிருந்தார். சாவி வேண்டுமென்றால் பழுது எந்த லைனில், மின்தடை எவ்வளவு, கெட்டுப்போன பாகம் எது என்று அவர் சுருக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த லைன்? எவ்வளவு ஓம்? ஆள் யார்?

"எனக்கு என்னமோ பவர் ஐசியாத்தான் இருக்கும்னு தோணுது, ஹாரு தா" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன்.

"தோணுதா? தோணுறதை எல்லாம் வீட்டுக்குப் போய் உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. அவர் கேட்டுத்தான் ஆகணும். நான் ஏன் கேட்கணும்?"

அவருடைய தாரக மந்திரம் "ஆகே தேகோ, தார்பொர் மாபோ." முதலில் பார், அப்புறம் அள. பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் இல்லை. கழற்றிய போர்டை மூக்குக்குக் கொண்டுபோய், மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கி மோப்பம் பிடிப்பதுபோலப் பிடிப்பார். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு நானும் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தேன். கருகிய சில்லுக்கு ஒரு வாடை, ஊறிய பேட்டரிக்கு ஒரு வாடை உண்டு.

இனி போனுக்கு வருகிறேன். என் மகள் கோமதி ஜாதவ்பூரில் படிக்கும்போது அனிர்பான் என்ற பையனோடு பழகி, அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். பையன் தங்கம். அவனுடைய அப்பா நிதாய் பாபுவுக்கு ஜாதவ்பூரிலேயே இனிப்புக் கடை. நல்ல மனிதர், ஆனால் ரோஷக்காரர். துர்கா பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டைப் பார்க்க சாந்த்ராகாச்சியில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மனைவிக்கு முழங்கால் வலி என்று மகனை மட்டும் கூட்டிக்கொண்டு, ஒரு மண்சட்டி நிறைய ரசகுல்லாவோடு வந்தார். சட்டைப் பையில் ஒரு தொடுதிரை போன் மின்னியது. அமெரிக்காவில் இருக்கும் மூத்த மகன் அனுப்பியது. அப்போதெல்லாம் அப்படி ஒரு போனைத் தெருவில் எடுத்தால் கூட்டம் கூடும். வந்ததிலிருந்து அதைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தார்.

சாப்பாடெல்லாம் சுமுகமாகத்தான் போனது. கடைசியில் என் வீட்டுக்காரர், யார்டில் சிக்னல் பார்க்கிறவர், விருந்தாளியைக் கௌரவிக்கிறேன் என்று டம்ளரில் ரசம் ஊற்றிக் கொடுத்தார்.

"இதைக் குடிச்சுப் பாருங்க, சாப்பிட்டதெல்லாம் கல்லா இருந்தாலும் செரிச்சிரும்!"

நிதாய் பாபு அதை ஷர்பத் மாதிரி ஒரே மூச்சில் கவிழ்த்தார். நான் வைத்த ரசம் அது. மிளகுக்கு நான் கணக்குப் பார்ப்பதில்லை. அவர் கண் சிவந்தது, மூக்கு விரிந்தது, பிறகு ஒரு தும்மல் வந்தது பாருங்கள், குடித்ததில் பாதியும் டம்ளரில் இருந்த மிச்சமும் சட்டைப் பைக்குள் போயின. போன் ஒருமுறை வெளிச்சம் காட்டிவிட்டு அடங்கிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் போனை அன்றைக்கே கழற்றிக் கழுவியிருப்பேன். கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. "ஈரத்தை எது இழுக்கும்னு இனிப்புக் கடைக்காரனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிக் கிளம்பிப் போனவர், வீட்டில் பேட்டரி மூடியைக் கழற்றி, போனை முரி டப்பாவில் புதைத்து வைத்தார். முரி என்றால் நம்மூர்ப் பொரி. வங்காளிக்கு முரி இல்லாமல் சாயங்காலம் கிடையாது. திறந்து வைத்தால் நிமிடத்தில் நமத்துப்போவதால், ஈரத்தைக் குடிப்பதில் அதற்கு மிஞ்சி ஒன்றுமில்லை என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் முரியில் உப்பு உண்டு. அவர் வீட்டு முரியில் கடுகெண்ணெயும் கொஞ்சம் உண்டு.

முரியில் ஊறியும் போன் கண் திறக்காததால், அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் சர்வீஸ் சென்டருக்கே வந்தார். மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரேவதி தேவி, உங்க ரசம் இதைக் கொன்னுடுச்சு. என் முரியாலதான் இந்த அளவுக்காவது தப்பிச்சிருக்கு. நீங்க இதுல கெட்டிக்காரின்னு பையன் சொல்றான். பிஜயாவுக்குள்ள இது அடிக்கட்டும். அப்புறம் கல்யாணத் தேதி பேசலாம்."

பிஜயா என்றால் துர்க்கையை ஆற்றில் கரைத்த பிறகு, பெரியவர்களை வணங்கி, இனிப்புக் கொடுத்து, தூரத்து உறவுகளுக்கெல்லாம் போன் போட்டு வாழ்த்துச் சொல்லும் நாட்கள். அமெரிக்க மகனிடம் அந்தப் போனிலேயே பேச வேண்டும் என்பது அவர் ஆசை. "அடிக்கலேன்னா?" என்று கேட்டேன். "பொரே தேகா ஜாபே" என்றார். அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். வங்காளத்தில் ஒரு காரியத்தைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வார்கள்.

அன்று வீட்டில் கோமதி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மா, எத்தனை போனைச் சரி பண்ணிருக்கே! இதை மட்டும் சரி பண்ணிடு மா, ப்ளீஸ், இனிமே எதுவுமே கேக்க மாட்டேன்" என்றாள். இவள் எதுவும் கேட்காமல் இருப்பாள் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் பயந்துவிட்டேன்.

போனைக் கழற்றினேன். ஹாரு தா முதலில் மோப்பம் பிடித்தார். "பெருங்காயம் உங்க வீடு. கடுகெண்ணெய் யார் வீடு?" என்றார். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அப்புறம் போர்டை ஸ்பிரிட்டில் முக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்தேன். பேட்டரிக்குப் பதிலாகக் கரண்ட் கொடுக்கும் பெஞ்ச் சப்ளையை பேட்டரி முனைகளில் மாட்டினேன். பவர் பட்டனை அமுக்கவே இல்லை, அதன் கரண்ட் முள் விருட்டென்று எகிறியது. மீட்டரை வைத்தேன், பீப் என்று கத்தியது. பேட்டரி மெயின் லைனில் நேர் ஷார்ட்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெருமுனையில் கார்ப்பரேஷன் குழாய் உடைந்தால் எந்த வீட்டு மாடிக்கும் தண்ணீர் ஏறாது. மெயின் லைன் ஷார்ட்டும் அதுதான். எங்கோ ஒரு துணுக்கு உடைந்து, வரும் கரண்ட் மொத்தத்தையும் விழுங்கிவிடுகிறது. அந்த லைனில் பெரிய சில்லுகள் சில, கடுகைவிடச் சின்ன கெபாசிட்டர்கள் ஏராளம், எல்லாம் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. யார் திருடன் என்று மீட்டர் சொல்லாது. அதற்கு எல்லாரும் ஒன்றுதான்.

திருடன் சூடாக இருப்பான், அது ஒன்றுதான் அடையாளம். வோல்டேஜைக் குறைத்து, கரண்டைக் கட்டுக்குள் வைத்து, விட்டு விட்டு விரலால் தடவினேன். கரண்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் பவர் ஐசி பக்கம் வெதுவெதுப்பு. ஸ்பிரிட்டைத் தடவி எங்கே முதலில் காய்கிறது என்று பார்த்தேன். அதே பக்கம்தான் முதலில் காய்ந்தது. ஆனால் அந்தப் பக்கம் பூராவுமே காய்ந்தது. போர்டுக்குள் இருக்கும் செம்பு சூட்டை ஊரெல்லாம் பரப்பிவிடும். பவர் ஐசியைக் கழற்றிப் பார்க்க மனம் துடித்தது. கழற்றினால் திரும்பப் பொருந்துமோ பொருந்தாதோ, அந்த மாடலுக்கு மாற்று ஐசி உதிரிபாகம் விற்கும் சாந்தினி மார்க்கெட்டிலேயே இல்லை.

"ஹாரு தா, சாவி."

"எந்த லைன்?"

"பேட்டரி மெயின்."

"எவ்வளவு?"

"ரெண்டு ஓம் பக்கம்."

"ஆள் யார்?"

ஐசியா, கெபாசிட்டரா என்று போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் பூணூலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் மகள் வாழ்க்கையை இந்த மனுஷன் பூணூலில் முடிந்து வைத்திருக்கிறாரே என்று அன்றைக்கு அவரை மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை.

இப்படியே பூஜையும் வந்துவிட்டது. சப்தமி அன்று கடை அரைநாள்தான். மற்றவர்கள் போய்விட்டார்கள். நானும் ஹாரு தாவும் மட்டும் இருந்தோம். எங்கள் கடைக்கு நேர் எதிரே தெருப் பந்தல். சாயங்கால ஆரத்தி தொடங்கியதும் தாக் மேளம் அதிர, ஆண்களும் பெண்களும் மண் தூபக்காலைக் கையில் ஏந்தி ஆடுவார்கள். அதில் தேங்காய் நார் நெருப்பில் தூனோ போடுவார்கள். நம் வீட்டுக் குங்கிலியம்தான் அது. அந்தப் புகை தெருவை நிரப்பி எங்கள் கடைக்குள்ளும் வந்துவிடும். மைக்ரோஸ்கோப் லென்ஸில் வெள்ளையாகப் படியும் என்பதால் ஒவ்வொரு பூஜைக்கும் ஹாரு தா எல்லா மைக்ரோஸ்கோப்புக்கும் பாலிதீன் பை மாட்டிவிடுவார். அன்று நான் உட்கார்ந்திருந்ததால் என்னுடையதற்கு மட்டும் மாட்டவில்லை.

லென்ஸ் மங்கியது. விரலால் தொட்டேன். மாவு மாதிரி ஒட்டியது. பக்கத்தில் சால்டரிங் அயர்ன் சூடாக இருந்தது. அதன் தகர மூடியிலும் வெள்ளை படிந்திருந்தது, ஆனால் சூடான முனைக்குப் பக்கத்தில் மட்டும் வெள்ளை உருகி, தகரம் பளிச்சென்று தெரிந்தது. சூடு இருக்கும் இடத்தில் வெள்ளை நிற்காது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு என்ன வந்ததென்று தெரியாது, போர்டை ஒரு கிடுக்கியில் கவ்விக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

பந்தலில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் தூபக்காலுக்கு மேலே போர்டை நீட்டினேன். அவர் நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். அவர் சுழன்றார், நானும் சுழன்றேன். வேறு வழி? தாக்காரர் நான் ஆட வந்திருப்பதாக நினைத்து வேகத்தைக் கூட்டிவிட்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, போன் போர்டை ஏந்திக்கொண்டு, நடுத்தெருவில் நான் ஆடிக்கொண்டிருக்கிறேன். பின்னால் ஹாரு தா ஓடி வந்தார்.

"ஏய் ரேவதி! சாம்பல் விழும்! நெருப்புச் சாம்பல்! போர்டை எடு!"

அப்போதுதான் கூட்டத்தில் நிதாய் பாபுவைப் பார்த்தேன். புது வேட்டி ஜிப்பாவில், வாய் திறந்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் அனிர்பான். அவனுக்குப் பக்கத்தில், யாரோடு என்று மட்டும் சொல்லாமல், பந்தல் பார்க்கப் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டு வந்த என் மகள்.

"இது என்ன, என் போனா?" என்றார் நிதாய் பாபு. "அதுக்குச் சாமி புகை காட்டுறீங்களா? மதராஸில் இப்படித்தான் ரிப்பேர் பண்ணுவாங்களா?"

"இல்லை தாதா, இங்கேயும் இப்படித்தான்!" என்று கத்திவிட்டு, பூசாரியிடம் ஒரு பிடி தூனோ வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பி ஓடினேன். என் பின்னால் ஹாரு தா, அவர் பின்னால் நிதாய் பாபு, அவர் பின்னால் பிள்ளைகள் இரண்டு பேரும்.

சாம்பல் இல்லாமல் புகை வேண்டும். பழைய சால்டரிங் அயர்ன் முனையில் தூனோவை வைத்தேன். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்தது. போர்டைக் கவிழ்த்து அதில் காட்டினேன். சில்லுகள், கெபாசிட்டர்கள், எல்லாம் மாவு பூசிக்கொண்டன. கோலமாவைக் கொட்டியதுபோல ஒரே வெள்ளை. அப்புறம் சப்ளையை மாட்டி, கரண்டை மெள்ள மெள்ள ஏற்றினேன். பவர் ஐசி வெள்ளையாகவே இருந்தது. அதைக் கழற்ற நான் துடித்த துடிப்பு இருக்கிறதே! இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். சார்ஜ் சொருகும் வாய்க்குப் பக்கத்தில், ஒரு தகரத் தடுப்பின் விளிம்போரம், ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி திறந்தது. அது ஈரமாக மினுங்கியது. சுற்றிலும் எல்லாம் வெள்ளை, அது மட்டும் கறுப்பு.

"அங்க!" என்று கோமதி கத்தினாள்.

ஹாரு தா எதுவும் கேட்கவில்லை. பூணூலை வெளியே இழுத்து, சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

தகர விளிம்பை வெட்டி நிமிர்த்தினேன். அதற்கு அடியில் ஒளிந்திருந்தது ஒரு கெபாசிட்டர். மேலெல்லாம் பச்சையாய்ப் பூத்து, பழுப்பாக ஒன்று அதோடு வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் அது என்னவென்று தெரிந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசாமல் கெபாசிட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாம், ரசம் என்றே இருக்கட்டும், என் ரசத்துக்கு மான ரோஷம் கிடையாது என்று முடிவு செய்தேன். அதற்குள் ஹாரு தா எட்டிப் பார்த்துவிட்டார்.

"வாங்க நிதாய் பாபு. வந்து குற்றவாளியைப் பாருங்க!"

நான் அவர் கையில் கிள்ளினேன். கிள்ளியது அவருக்கு உறைக்கவே இல்லை. நிதாய் பாபு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே தாக் மேளம் இடித்துக்கொண்டிருந்தது.

"இது முரி" என்றார், மிக மெதுவாக.

நான் ஹாட் ஏர் கன்னால் ஊதிக் கெபாசிட்டரை எடுத்துவிட்டு, மீட்டரை வைத்தேன். பீப் சத்தம் இல்லை. அந்த லைனில் அதன் கூட்டாளிகள் நிறைய இருப்பதால் இந்த ஒன்று இல்லாமலே வண்டி ஓடும். போர்டைத் துடைத்து, பேட்டரி போட்டு, அவருடைய சிம்மை மாட்டி, பட்டனை அமுக்கினேன். திரை வெளிச்சமானது. கோமதியும் அனிர்பானும் என்னையும் ஹாரு தாவையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஹாரு தாவின் கண்ணாடி கழன்று விழுந்தது.

நிதாய் பாபு மட்டும் குதிக்கவில்லை. போனை வாங்கி, வீட்டு நம்பரைத் தட்டினார். காதுப்பக்க ஸ்பீக்கர் மட்டும் செத்துப் போயிருந்ததால், எல்லாரும் கேட்கும்படி சத்தமாகத்தான் பேச முடிந்தது.

"யாரு?" என்றது அவர் மனைவியின் குரல்.

"நான்தான். போன் சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சா! துர்கா துர்கா! என்னவாம்? அந்த ரசம்தானா?"

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் தலையை ஆட்டினேன். மனப்பூர்வமாகத்தான் ஆட்டினேன். அவர் மறுபடியும் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தார், பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ரசம் இல்லை. முரி."

அந்தப் பக்கம் வெடித்தது.

"நான் அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டேனே, அரிசியில போடு, அரிசியில போடுன்னு! கேட்டியா? முப்பது வருஷமா நான் சொன்னதை எப்பக் கேட்டிருக்கே? அடுத்த வீட்டு ரசத்துமேல பழியைப் போட்டு, அந்தச் சின்னஞ்சிறுசுகளைப் பட்டினி போட்ட மாதிரி காயப் போட்டியே, வெட்கமா இல்லை? போதும், உன்கிட்ட என்ன பேச்சு! போனைக் கொடு. பெயான்கிட்ட கொடு!"

பெயான் என்றால் சம்பந்தியம்மா. பேச்சு முடிந்து, தேதி குறித்து, ஊர் அறிந்த பிறகுதான் எந்த வங்காளி வீட்டிலும் அந்த வார்த்தை வெளியே வரும். நிதாய் பாபுவைப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. வேட்டி நுனியால் போனில் ஒட்டியிருந்த தூனோவைத் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.

"சொல்லுங்க, பெயான்" என்றேன்.